யாருடைய தலைவர்? மதுரைச் சமவெளியின் நினைவு நாட்கள்

மதுரைக்கு இரண்டு நாட்காட்டிகள் உண்டு. ஒன்று கோயிலுடையது: சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஆவணியில் சொக்கருக்குப் பட்டாபிஷேகம், தையில் தெப்பம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொன்று தலைவர்களுடையது: ஏப்ரல் 14 அம்பேத்கர், ஜூலை 15 காமராசர், செப்டம்பர் 5 வ.உ.சி., செப்டம்பர் 11 பாரதியும் இம்மானுவேல் சேகரனும், அக்டோபர் 2 காந்தி, அக்டோபர் 24, 27 மருது சகோதரர்கள், அக்டோபர் 30 முத்துராமலிங்கத் தேவர், ஜனவரி 15 பென்னிகுயிக், ஜனவரி 17 எம்.ஜி.ஆர். இந்த இரண்டாவது நாட்காட்டியை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் பூ வியாபாரிகளும் போலீஸ்காரர்களும்தான்.

பாண்டியருக்கும் பிறகு நாயக்கருக்கும் தலைநகராக இருந்த ஊர் இது. இன்றைய தலைநகரான சென்னையில் தலைவர்களின் நினைவு மெரினா மணலில் ஒரே இடத்தில் திரண்டிருக்கிறது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று நான்கு முதல்வர்கள் அங்கே உறங்குகிறார்கள். நினைவு நாளன்று காலையில் மலர்வளையம், மாலையில் கடற்கரைக்கு வந்த குடும்பங்களின் செல்ஃபி என்று பொழுது போய்விடும். தெற்கே கதை வேறு. இங்கே தலைவர்கள் பரமக்குடி, பசும்பொன், காளையார்கோயில், கூடலூர் என்று ஊர் ஊராகப் பரந்து கிடக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் சாலைகளில் பல மதுரையைத் தொட்டுத்தான் போகின்றன.

அரசு மாலை போடுகிறது, சமூகங்கள் குருபூஜை நடத்துகின்றன, உழவர்கள் பொங்கல் வைக்கிறார்கள், கட்சிகள் நூலகமும் அரங்கமும் கட்டுகின்றன. இவற்றில் எது தலைவரை உண்மையில் நினைவில் வைக்கிறது? கூட்டத்தின் அளவு இதற்கு அளவுகோல் ஆகாது. செலவும் ஆகாது. நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் எளியது: அந்த நாளில், அந்த இடத்தில், அந்தத் தலைவரின் கட்சிக்கோ சாதிக்கோ சொந்தமில்லாத ஒருவர் தயக்கமின்றி வந்து நிற்க முடிகிறதா?

நடுகல்லும் தெப்பமும்

மாண்டவரைக் கல் நட்டுக் கும்பிடும் வழக்கம் இந்தச் சமவெளியில் கட்சிகளுக்கும் சங்கங்களுக்கும் வெகுகாலம் முந்தியது. 2006இல் ஆண்டிபட்டி அருகே புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவருக்காக நட்டது. எழுத்துள்ள நடுகற்களில் இந்தியாவிலேயே மிகப் பழையவை இவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவது வரை இந்தச் சடங்குக்கு ஆறு படிகள் சொல்கிறது தொல்காப்பியம். இன்றைய சிலைத் திறப்பு விழாவின் நிகழ்ச்சி நிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நடுகல் யாருக்கு எழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஊரின் மாட்டை மீட்கப் போய் மாண்டவன், அந்த மாட்டின் பாலைக் குடித்த அத்தனை பேருக்கும் வேண்டியவன்.

அரசர்கள் தங்கள் நாளைக் கொண்டாட வேறு வழி கண்டார்கள். திருமலை நாயக்கர் (1623–1659) தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாற்றியவர். மகால் கட்டுவதற்கு மண் தோண்டிய இடத்தைத்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமாக ஆக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தைப்பூசம் அவருடைய பிறந்த நட்சத்திரம். அந்த நாளில் மீனாட்சியும் சொக்கரும் தெப்பமேறிக் குளத்தைச் சுற்றி வர ஏற்பாடு செய்தார். மன்னரின் பிறந்தநாள் தெய்வத்தின் திருவிழாவாகிவிட்டது.

தெப்பத்துக்குக் கூடும் லட்சம் பேரில் அது ஓர் அரசரின் பிறந்தநாள் என்று நினைப்பவர் மிகச் சிலர். மகாலில் உள்ள அவர் சிலைக்கு அதே நாளில் மாலை விழுகிறது, அதற்கு வருவோர் கொஞ்சம் பேர்தான். குளத்துக்கு நீர்வரத்து இல்லாமல் பல ஆண்டுகள் நிலைத்தெப்பமாகவே விழா நடந்தது. அப்போதும் கூட்டம் வந்தது. பெயரை விட்டுக்கொடுத்து நாளைக் காப்பாற்றிக்கொண்டவர் திருமலை நாயக்கர். பின்னால் வந்த தலைவர்களில் இந்தப் பேரத்துக்கு ஒப்பியவர்கள் அரிது.

மாலையும் ஏணியும்

மக்களாட்சியில் தெய்வத்தின் இடத்துக்குச் சிலை வந்தது. விளக்குத்தூணில் காமராசர், சிம்மக்கல்லில் வ.உ.சி., பெரியார் பேருந்து நிலையத்தில் கட்டபொம்மன், தெப்பக்குளத்தில் மருது சகோதரர்கள், கோரிப்பாளையத்தில் தேவர் என்று மதுரையின் முக்குகளெல்லாம் தலைவர்களின் பெயரால் அடையாளம் சொல்லப்படுகின்றன. கோரிப்பாளையம் தேவர் சிலையை 1974இல் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி திறந்து வைத்தார். வைகையைக் கடந்து வடக்கே போகிற பலரும் அந்தச் சிலையைத் தாண்டித்தான் போகிறார்கள்.

பிறந்தநாளுக்கு முதல் நாள் சிலை கழுவப்படும், சாரம் கட்டப்படும், இரும்பு ஏணி வைக்கப்படும். மறுநாள் காலை அமைச்சரும் ஆட்சியரும் ஏறி மாலை போடுவார்கள், பின்னாலேயே கட்சிகள் வரிசையில் நிற்கும். எந்தக் கட்சிக்கு எந்த நேரம் என்பதைப் போலீஸ் முன்கூட்டியே ஒதுக்கிவிடும். இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே ஏணியில் எதிரெதிரே சந்தித்துவிடக் கூடாது என்பதே ஏற்பாட்டின் சாரம். மாலை போட்டுப் படம் எடுத்ததும் இறங்கிவிடுவார்கள். தலைவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று பேச அந்த இடத்தில் நேரமும் இல்லை, நிழலும் இல்லை.

மாலையோடு அரசு நின்றிருந்தால் பாதகமில்லை. மாவட்டங்களுக்கும் தலைவர்களின் பெயரைச் சூட்டியது. 1985இல் பழைய மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்கள் பிரிந்தபோது திண்டுக்கல் அண்ணா பெயரிலும், சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரிலும், விருதுநகர் காமராசர் பெயரிலும் வந்தன. போக்குவரத்துக் கழகங்களுக்கும் இப்படியே பெயர் வைத்தார்கள். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியபோது, தலித் சமூகத்து வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பித் தென்மாவட்டங்களில் கலவரமாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு நீக்கியது. ஒரு பெயரைப் பொறுக்க மாட்டாமல் எல்லாப் பெயர்களும் போயின. அதுவரை பஸ்ஸில் எழுதியிருந்த பெயர் யாருடையது என்று பார்த்து யாரும் டிக்கெட் வாங்கவில்லை. சாதியாகப் படித்த நாளில்தான் அது சிக்கலாயிற்று.

இன்றும் தென்மாவட்டச் சாலைகளில் அம்பேத்கர் சிலையும் தேவர் சிலையும் கம்பிக் கூண்டுக்குள் நிற்பதைப் பார்க்கலாம். அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவருக்கும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவருக்கும் ஒரே மாதிரிக் கூண்டு. அவமரியாதையைத் தடுக்கத்தான் அந்தக் கம்பி. ஆனால் ஆண்டில் 364 நாளும் பூட்டி வைத்து ஒரு நாள் மட்டும் திறக்கிற மரியாதை, அந்தத் தலைவர் பொதுவில் நடமாட முடியாதவர் என்பதை ஒப்புக்கொள்கிறது.

குருபூஜை

தமிழ்நாட்டு அரசு விடுமுறைப் பட்டியலில் தலைவர்களுக்கு இடம் குறைவு. காந்தி ஜெயந்தி உண்டு, தமிழ்ப் புத்தாண்டோடு சேர்த்து அம்பேத்கர் பிறந்தநாள் உண்டு, அதற்கு மேல் அதிகமில்லை. உத்தரப் பிரதேசம் தலைவர்களுக்காக விட்ட 15 விடுமுறைகளை 2017இல் ஒரே உத்தரவில் நீக்கியது. நீக்குவதற்குக்கூட இங்கே அத்தனை கிடையாது. ஆனாலும் செப்டம்பர் 11இல் பரமக்குடிப் பக்கமும் அக்டோபர் கடைசியில் கமுதிப் பக்கமும் பள்ளிகளுக்கு லீவு விடுகிறார்கள். டாஸ்மாக் கடைகள் அடைக்கப்படுகின்றன. பிள்ளைகளுக்கு அது தலைவரின் பெயரால் வந்த விடுமுறை. நிர்வாகத்துக்கு அது பந்தோபஸ்தின் ஒரு பகுதி.

பசும்பொன்னில் தேவர் விழா மூன்று நாள் நடக்கிறது: அக்டோபர் 28 ஆன்மிக விழா, 29 அரசியல் விழா, 30 குருபூஜை. தேவர் 1908 அக்டோபர் 30இல் பிறந்து 1963 அக்டோபர் 30இல் மறைந்தவர். ஜெயந்தியும் நினைவு நாளும் ஒன்றாக விழுந்ததே அந்த நாளுக்குத் தனிக் கனத்தைக் கொடுத்துவிட்டது. நாயன்மார்களுக்கும் மடாதிபதிகளுக்கும் சைவர்கள் செய்யும் குருபூஜை, திருநீறு பூசிய பிரம்மச்சாரியான ஓர் அரசியல் தலைவருக்கு எளிதாகப் பொருந்திக்கொண்டது. பெண்கள் முளைப்பாரியும் பால்குடமும் எடுக்கிறார்கள். நேர்ந்துகொண்டவர்கள் மொட்டை போடுகிறார்கள். நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. இதை வெறும் அரசியல் கூட்டம் என்று ஒதுக்குபவர்கள் அந்த முளைப்பாரி வரிசையைப் பார்த்ததில்லை. குலதெய்வத்துக்குச் செய்வதை அப்படியே தலைவருக்குச் செய்கிறார்கள், அதில் பாசாங்கு கிடையாது.

இந்த நாளை நகர்த்தவும் முடியாது. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த பிப்ரவரி 22ஐ 1971 முதல் மாதத்தின் மூன்றாம் திங்களுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் திங்கள் 15க்கும் 21க்கும் இடையில்தான் வரும் என்பதால் அவருடைய பிறந்தநாள் விடுமுறை ஒருபோதும் பிறந்தநாளன்று வருவதில்லை. வார இறுதியோடு சேர்ந்து மூன்று நாள் கிடைக்கிறது, கடைகளில் தள்ளுபடி விற்பனை களைகட்டுகிறது. செனட்டில் மட்டும் யாராவது ஓர் உறுப்பினர் ஆண்டுதோறும் அவருடைய விடைபெறும் உரையைப் படிக்கிறார், அதுவும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். நாளை விட்டுக்கொடுத்து உரையைக் காத்துக்கொண்டது அந்த ஊர். இங்கே நாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். உரையைப் படிப்பார் இல்லை.

உரையைப் படித்தால் என்ன கிடைக்கும்? தேவரின் வாழ்க்கையில் ஃபார்வர்டு பிளாக்கும் சுபாஷ் போசும் உண்டு, மதுரை நெசவாலைத் தொழிலாளர் போராட்டம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிரான நீண்ட போராட்டம் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிய மறுத்து நின்ற மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் இறந்தார். பிறந்த சாதிக்காக ஒருவனைக் குற்றவாளி என்று எழுதும் சட்டத்தை எதிர்ப்பது, பிறப்பால் இழிவு சுமத்தப்பட்ட எவருக்கும் சொந்தமான போராட்டம். பிற சமூகத்தவர் கேட்கக் கேட்க நிறைவு தரும் பகுதி இது. மேடைகளில் மிகக் குறைவாகக் கேட்பதும் இதுவே.

இம்மானுவேல் சேகரனுக்கும் இதே குறைவு நேர்ந்தது. முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் 1924இல் பிறந்தவர், ராணுவத்தில் இருந்தவர், காங்கிரஸ்காரர், ஒடுக்கப்பட்டோருக்காக இயக்கம் கட்டியவர். 1957 இடைத்தேர்தலை ஒட்டி முதுகுளத்தூர் வட்டாரம் கொந்தளித்தபோது, செப்டம்பர் 10 அன்று ஆட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சில் தன் மக்களின் பிரதிநிதியாக உட்கார்ந்தார். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14இல் கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் மறவர் ஐவர் மாண்டனர். கொலை வழக்கில் கைதான தேவரை 1959இல் நீதிமன்றம் விடுவித்தது. அந்த ஒரு மாதத்தின் கசப்பு இரண்டு நினைவு நாட்களிலும் இன்றுவரை ஊறியிருக்கிறது. 2011 செப்டம்பர் 11இல் பரமக்குடி ஐந்துமுனையில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டிலும் தடியடியிலும் தலித்துகள் உயிரிழந்தனர். அஞ்சலி செலுத்தும் நாளே புதிய அஞ்சலிக்குக் காரணமாயிற்று. 2012 அக்டோபர் 30இல் பசும்பொன் போய்த் திரும்பியவர்களின் வண்டி மீது மதுரை சிந்தாமணி அருகே பெட்ரோல் குண்டு வீசப்பட்டதில் பல உயிர்கள் போயின.

அதன் பிறகு வந்த நடைமுறைகளை இப்பக்கத்து மக்கள் ஒப்பிப்பார்கள். செப்டம்பரிலிருந்து அக்டோபர் முடியும் வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு. வாடகை வண்டியில் வரக் கூடாது. சொந்தக் கார் என்றால் முன்கூட்டிப் பாஸ் வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். டூவீலர், டிராக்டர் கூடாது. கூரையில் ஏறக் கூடாது. குறித்த சாலையில் போய்க் குறித்த சாலையில் திரும்ப வேண்டும். கார் இல்லாதவர்களுக்கு அரசுப் பஸ். பிற சமூகத்தவர் வாழும் தெருக்களைச் சுற்றிக்கொண்டு போகும்படி பாதை வகுக்கப்படுகிறது. இந்த விதிகள் உயிரைக் காக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவை சொல்லாமல் சொல்வது ஒன்று உண்டு: இந்த நாளில் இன்னாருக்கு இன்ன சாலை. வெளியாள் வந்து நிற்க முடிகிறதா என்ற நம் கேள்விக்குப் போலீஸின் பாதை வரைபடமே பதில் எழுதிவிடுகிறது.

தங்கக் கவசத்தின் கதையும் இதோடு சேர்ந்ததே. 2014இல் ஜெயலலிதா பசும்பொன் சிலைக்கு 13 கிலோ தங்கக் கவசம் அளித்தார். ஆண்டு முழுவதும் அது மதுரையில் ஒரு வங்கி லாக்கரில் இருக்கும், விழாவுக்கு மட்டும் போய் வரும். அ.தி.மு.க. பிளவுபட்டதும் கவசத்தை எடுக்கக் கையெழுத்திடும் உரிமை யாருக்கு என்ற வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2022இல் அது மாவட்ட வருவாய் அலுவலர் வழியாகப் பசும்பொன் போயிற்று. தலைவருக்கு அளித்த காணிக்கை கட்சிக்குள் பங்காளிச் சண்டையின் சொத்தாகிவிட்டது.

காளையார்கோயிலில் மருது சகோதரர்களுக்கு நடக்கும் குருபூஜையும் இதே வார்ப்புக்குள் மெல்ல வந்துவிட்டது. 1801 ஜூனில் அவர்கள் வெளியிட்ட திருச்சி அறிக்கை, சாதியும் மதமும் பாராமல் எல்லோரையும் கும்பெனிக்கு எதிராக எழச் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். எல்லோரையும் அழைத்தவர்களின் நாளுக்கு இன்று யார் போகிறார்கள் என்பதை வண்டிக் கொடிகளே சொல்லும். இந்த நாட்காட்டியில் பெண்களுக்கும் இடம் மிகக் குறைவு. வேலு நாச்சியாருக்குச் சிவகங்கையில் மண்டபம் எழவே 2014 ஆயிற்று. ராணி மங்கம்மாளுக்கு நாள் என்று ஒன்று மக்கள் நினைவில் இல்லை. பால்குடம் சுமப்பதில் மட்டும் பெண்களே முன்னால் நிற்கிறார்கள்.

கூட்டமில்லாத தலைவர்கள்

சாதியும் கட்சியும் சொந்தம் கொண்டாடாத தலைவர்களின் நாள் எப்படி இருக்கும்? மதுரையிலேயே விடை இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 காலை, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தி முழத்துண்டு மட்டும் உடுத்தி வெளியே வந்தார். அன்று அவர் பேசிய இடம் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் ஆயிற்று. உலகம் அறிந்த காந்தியின் உருவம் மதுரையில் பிறந்தது. மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த காந்தி அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்து வைத்தார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ஆடையின் துண்டு அங்கே இருக்கிறது.

அக்டோபர் 2 அன்று அங்கே பள்ளிப் பிள்ளைகளும் சர்வோதயக்காரர்களும் அதிகாரிகளும் வருவார்கள். இராட்டை சுழலும், பிரார்த்தனை நடக்கும். பாஸ் வேண்டாம், தடையுத்தரவு வேண்டாம். எந்த ஊர்க்காரரும் எந்தச் சாதிக்காரரும் எந்த வாசல் வழியும் வரலாம். நம் அளவுகோலில் இது முழுமையாகத் தேறும் நாள். ஆனால் வரலாம் என்ற இடத்துக்கு வருகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் பொதுவானவரை நினைப்பது அடுத்தவர் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுகிறார்கள்.

மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனுக்கும் இதே நிலைதான். பொதுப்பணித் துறையும் உள்துறையும் பார்த்த அமைச்சர். பின்னாளில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்தவர். எளிமைக்கு உதாரணம் தேடும் எந்த மேடைப் பேச்சாளரும் கக்கனைத்தான் சொல்வார். அவர் பெயர் உதாரணமாகிவிட்டது, அவர் நாள் விழாவாகவில்லை.

ஆக, இரண்டு பக்கமும் இழப்பு இருக்கிறது. சொந்தம் கொண்டாடுவோர் இருந்தால் கூட்டம் சேர்கிறது, தலைவர் சுருங்குகிறார். சொந்தம் கொண்டாட ஆளில்லாவிட்டால் தலைவர் பெரியவராகவே இருக்கிறார், வாசலில் செருப்புக் கூட்டம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே வழி இல்லையா?

தண்ணீர் போன வழி

இருக்கிறது. பொங்கல் விடுமுறையில், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும் அதே நாட்களில், தேனி மாவட்டத்து உழவர்கள் ஒரு வெள்ளைக்காரருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15இல் புனேயில் பிறந்தவர். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய பொறியாளர். 1887இல் தொடங்கிய அணை 1895இல் முடிந்தது. கட்டும்போதே வெள்ளம் அடித்துப் போனது, காய்ச்சலில் கூலியாட்கள் மடிந்தார்கள். தன் சொத்தை விற்று அவர் வேலையை முடித்தார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கதை வழங்குகிறது. ஆவணம் கேட்பவர்களைப் பற்றி அந்தக் கதை கவலைப்படுவதில்லை.

பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பிறந்தநாளுக்குப் பெண்கள் பொங்கல் வைத்துக் கும்மியடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். கூடலூர் அருகே லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறந்த பிறகு அரசும் மாலையோடு வந்து சேர்ந்துகொண்டது. ஆனால் அரசு வருவதற்கு முன்பே வீட்டிலும் டீக்கடையிலும் அவர் படம் சாமி படத்தின் பக்கத்தில் மாட்டியிருந்தது. இங்கே கவுண்டரும் கள்ளரும் பள்ளரும் ஒக்கலிகரும் சேர்ந்து நிற்கத் தடையில்லை. அவருக்கு இங்கே சாதி இல்லை என்பது ஒரு காரணம். அது மட்டும் போதுமென்றால் இந்த நாட்டில் வேலை பார்த்த எத்தனையோ வெள்ளைக்காரர்களுக்கும் பொங்கல் வைத்திருப்பார்கள். அவர் விட்டுப்போனது ஆண்டுதோறும் எல்லோர் வயலுக்கும் வருகிறது என்பதே பெரிய காரணம். நடுகல் காலத்துக் கணக்கு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அன்று மீட்ட மாடு, இன்று திருப்பிய தண்ணீர்.

அந்த அன்பின் எல்லை பாசனத்தின் எல்லையோடு ஒட்டியே போவதையும் கவனிக்கலாம். கம்பத்தில் அவர் தெய்வம், பெரியாற்றுக் கால்வாய் ஓடும் மேலூரில் மரியாதைக்குரியவர். அந்தக் கால்வாய் எட்டாத உசிலம்பட்டி மேட்டில் மக்கள் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடச் சொல்லி இன்னும் மனுக் கொடுக்கிறார்கள். அங்கே பென்னிகுயிக்குக்கு யாரும் பொங்கல் வைக்காததைக் குறையாகச் சொல்ல முடியாது. நினைவு, பெற்றதன் வழியே போகிறது.

காமராசர் இந்த வரிசையில் இரண்டாவது சாட்சி. அவரைத் தங்கள் சமூகத்தின் பெருமையாகக் கொண்டாடுவோர் உண்டு, விருதுநகரில் அது நன்றாகவே தெரியும். ஆனால் 2006 முதல் ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளுக்குள் போய்விட்டது. மதிய உணவு சாப்பிட்டுப் படித்த தலைமுறை எல்லாச் சாதியிலும் இருக்கிறது. அதனால் அவர் படத்துக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் பேச்சுப் போட்டியில் ஏறி நிற்க முடிகிறது. 2023இல் அதே ஜூலை 15 அன்றுதான் மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிற இளைஞர் தி.மு.க.காரரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கட்சி விமர்சகர்கள் பெயரைக் குறை சொன்னார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கை பிடிக்கக் காலையிலேயே போகக்கூடும். திருமலை நாயக்கரின் பேரம் இங்கே மறுபடி நடக்கிறது: பயன் பரவ வேண்டுமானால் பெயர் கொஞ்சம் பின்வாங்க வேண்டும்.

ஜூலை 8

அப்படியானால் குருபூஜைகளை நிறுத்திவிட வேண்டுமா? முடியாது, கூடவும் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் குற்றவாளி என்றும் தீண்டத்தகாதவர் என்றும் எழுதப்பட்ட மக்கள் தங்கள் தலைவரின் பெயரைச் சொல்லித் தலைநிமிரும் நாட்கள் அவை. அந்தத் தேவை தீரும் முன்னே நாளைப் பறிப்பது அநியாயம். செய்யக்கூடியது, அந்த நாட்களுக்குள் மற்றவர்கள் நுழைய ஒரு வாசல் திறப்பது. பசும்பொன் மேடையில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாறு பேசப்படட்டும். பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் உட்கார்ந்த அமைதிப் பேச்சு நினைவுகூரப்படட்டும். காளையார்கோயிலில் 1801 அறிக்கை வாசிக்கப்படட்டும். கேட்க வருகிறவர் யாரானாலும் தனக்குரிய ஒன்றை அதில் கண்டுகொள்வார்.

மதுரையிடம் இன்னொரு நாளும் இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து ஆகிய ஐந்து தலித்துகளையும் விருதுநகர் எஸ்.எஸ்.சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு ஒத்துழைத்தார். தடுப்போம் என்றவர்களை எச்சரித்து ஆலய நுழைவுக்குத் துணை நின்றவர் முத்துராமலிங்கத் தேவர். சில நாளில் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைக் காத்தது ராஜாஜியின் அரசு. தாழ்த்தப்பட்டோர் போக முடியாத கோயிலுக்குள் போக மாட்டேன் என்றிருந்த காந்தி, 1946இல் மதுரைக்கு வந்தபோது அந்தக் கோயிலுக்குள் போனார்.

இன்று தனித்தனிச் சாலைகளில், தனித்தனிப் பாஸோடு, தனித்தனி நாளில் வணங்கப்படும் மரபுகள் பலவும் அந்த ஒரு நாளில் ஒரே பக்கம் நின்றன. பிராமணர், தலித், நாடார், நாயுடு, தேவர் என்று எந்தச் சமூகமும் அதைத் தன்னுடையது என்று சொல்லலாம், எந்தச் சமூகமும் தன்னுடையது மட்டும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நாள் இந்தியாவின் எந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காது. அதற்கு லீவு கிடையாது, ஆளுயர மாலை கிடையாது, சிறு கூட்டங்களோடு அது கடந்துபோகிறது. மாசி வீதிகளில் அன்று ஊரே சேர்ந்து நடந்து கோயிலுக்குள் போகும் ஒரு வழக்கத்தை மாநகராட்சியும் கோயிலும் கல்லூரிகளும் தொடங்கினால் பெரிய செலவு ஒன்றும் பிடிக்காது. தலைவர்களுக்குச் செலுத்துகிற மரியாதை அவர்கள் சேர்ந்து செய்த காரியத்துக்கும் சேரட்டும். போலீஸ் தனிப் பாதை வகுக்கத் தேவையில்லாத ஒரு நாளை நாட்காட்டியில் சேர்த்துக்கொள்ளும் தைரியம் மதுரைக்கு உண்டா என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.